பனியன் துணி சுருங்குவது ஏன்: பின்னல் துணி பினிஷிங்கின் கணக்கு

அரூர், ஊத்தங்கரை, பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போவது நெடுநாளைய வழக்கம். இப்போது கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்திலேயே ஆயத்த ஆடைத் தையல் ஆலைகள் இயங்குகின்றன. காலையில் கம்பெனி பேருந்துகளில் ஏறிச் செல்லும் பெண்களில் பலர் அங்கே தைக்கிறார்கள். ஆனால் இந்த ஆலைகளுக்கு வந்து சேரும் பின்னல் துணி பெரும்பாலும் வேறு ஊரில் பின்னப்பட்டு, சாயம் ஏறி, பினிஷிங் முடிந்து, ரோலாகச் சுற்றப்பட்டு வருவது. தைத்த டீ-சர்ட் முதல் துவைப்பில் இரண்டு அங்குலம் குறைந்துபோனால் தையல் ஆலை மீது பழி விழுகிறது, அதற்கான காரணமோ ஐந்தாறு கட்டங்களுக்கு முன்பே துணிக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காரணத்தைத் துணி கடந்துவரும் இயந்திரங்களின் வழியே விளக்குவதே இக்கட்டுரையின் வேலை.

நெசவுத் துணியில் பாவும் ஊடும் ஏறத்தாழ நேராக ஓடுகின்றன. பின்னல் துணியில் நேராக ஓடும் நூலே கிடையாது. ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒவ்வொரு கண்ணியும் கீழ் வரிசைக் கண்ணிக்குள் நுழைந்து நிற்கிறது. இதனால்தான் பனியன் உடம்போடு நீண்டு கொடுக்கிறது. இதே காரணத்தால்தான், நெடுக்கில் சிறிது இழுத்தாலும் கண்ணி உயரமாகி ஒடுங்குகிறது, குறுக்கில் இழுத்தால் குட்டையாகி அகல்கிறது. கண்ணியில் உள்ள நூலின் நீளம் மாறுவதில்லை. அதன் வடிவம் மட்டுமே மாறுகிறது. வட்டப் பின்னல் இயந்திரத்தின் அடியில் துணியை இழுத்துச் சுற்றும் உருளைகளில் தொடங்கி, சாயத் தொட்டியிலும் உலர்த்தியிலும் துணி கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் நெடுக்கில்தான் இழுபடுகிறது. ஈரமான பருத்தித் துணி தன் எடையைவிட அதிகமான நீரைத் தாங்கிக்கொண்டு தொட்டியிலிருந்து மேலேறும்போது, அந்த நீரின் பாரமே கண்ணிகளை நீட்டிவிடுகிறது. நீண்டபடியே உலர்ந்தால் பருத்தி இழைகள் அந்த வடிவத்தைத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்கின்றன. வீட்டில் வாளியில் நனைந்து, அலசப்பட்டு, கொடியில் காயும்போது பிடி தளர்கிறது, கண்ணி தனக்கு இயல்பான வடிவத்துக்குத் திரும்புகிறது. நாம் சுருக்கம் என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் திரும்புதலைத்தான்.

ஆகவே பினிஷிங் என்பதைத் துணிக்குப் பளபளப்பும் மென்மையும் ஏற்றும் கடைசி ஒப்பனையாக எண்ணுவது பின்னல் துணியைப் பொறுத்தவரை தவறான தொடக்கம். முந்தைய கட்டங்களில் பறிக்கப்பட்ட இயல்பான வடிவத்தைக் கண்ணிக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் அதன் முதன்மை வேலை. மென்மை, பளபளப்பு, பஞ்சு எழுப்புதல் எல்லாம் அதற்குப் பின்னர் வருபவை. எவ்வளவு திருப்பிக் கொடுக்க முடியும் என்பதைப் பினிஷிங் இயந்திரம் தீர்மானிப்பதில்லை, அது பின்னும்போதே தீர்மானமாகிவிடுகிறது.

இந்தக் கடைசிக் கூற்றுக்கு எண் வடிவம் கொடுத்தவர் டி. எல். மண்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர். 1959-இல் வெளியான அவருடைய ஆய்வு, சாதாரண சிங்கிள் ஜெர்சித் துணியின், அதாவது ஒரே வரிசை ஊசிகளில் பின்னப்படும் துணியின், அளவுகளை முதன்மையாக ஆள்வது கண்ணி நீளம்தான், அதாவது ஒரு கண்ணியில் உள்ள நூலின் நீளம்தான் என்று காட்டியது. துணி எந்த இழுவையும் இல்லாமல் ஓய்ந்திருக்கும் நிலையில், ஒரு சென்டிமீட்டரில் கண்ணிகளின் கிடைவரிசை எத்தனை, நெடுவரிசை எத்தனை இருக்கும் என்பது ஒரு மாறிலியைச் சென்டிமீட்டரில் அளந்த கண்ணி நீளத்தால் வகுத்தால் கிடைத்துவிடுகிறது. கிடைவரிசைக்கு அவர் கண்ட மாறிலி உலர் ஓய்வில் ஏறத்தாழ 5.0, நீரில் நனைத்து ஓய்வெடுத்த பின் ஏறத்தாழ 5.3, நெடுவரிசைக்கு முறையே 3.8, 4.1. இந்த எண்களை 30-ஆம் நம்பர் நூலில், 2.8 மில்லிமீட்டர் கண்ணி நீளத்தில் பின்னிய துணிக்குப் பொருத்திப் பார்க்கலாம். உலர் ஓய்வில் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 18 கிடைவரிசை. நனைந்து ஓய்ந்த பின் ஏறத்தாழ 19. அதாவது யாரும் இழுக்காத துணிகூட முதல் நனைப்பில் நெடுக்கில் 5, 6 விழுக்காடு குறையத்தான் செய்யும். சதுர மீட்டர் எடை, அதாவது பட்டறையில் எல்லோரும் ஜிஎஸ்எம் என்று சொல்வது, உலர் ஓய்வில் 134 கிராம் அளவில் இருந்து, நனைந்து ஓய்ந்த நிலையில் 150 கிராமைத் தாண்டுகிறது. நடைமுறையில் நூலின் முறுக்கு, பின்னல் வகை, துவைக்கும் விதம் ஆகியவை இந்த எண்களை முன்னும் பின்னும் நகர்த்தும், ஆனால் கணக்கின் திசை மாறாது.

இந்தக் கணக்கு கையில் இருந்தால், சில ஆர்டர்கள் எழுதும்போதே நிறைவேற்ற முடியாதவை என்பது புலப்படும். அதே 30-ஆம் நம்பர் நூலில், அதே 2.8 மில்லிமீட்டர் கண்ணியில், 170 ஜிஎஸ்எம் துணி வேண்டும் என்று கேட்டால், கண்ணியைத் தன் ஓய்வு நிலைக்கும் கீழே அமுக்கித்தான் அதைக் கொடுக்க வேண்டியிருக்கும், அமுக்கியது அப்படியே நிற்காது. எடை கண்ணி நீளத்துக்கு எதிர் விகிதத்தில் போவதால், 2.5 மில்லிமீட்டருக்கு இறக்கிப் பின்னினால் 170 நேர்வழியில் கிடைத்துவிடும், ஆனால் துணி இறுக்கமாகி, தொட்டால் சற்று விறைப்பாக இருக்கும். தடித்த நூலுக்கு மாறுவது இன்னொரு வழி. எதிர்த் திசையில் 130 ஜிஎஸ்எம் கேட்டால், நீட்டிய துணியைத்தான் கொடுக்க முடியும், நீட்டியது துவைப்பில் திரும்பிவிடும். பின்னும் இடத்தில் எடுக்க வேண்டிய முடிவைக் காம்பாக்டர், அதாவது பினிஷிங்கில் துணியை நெடுக்கில் அமுக்கும் இயந்திரம், ஓட்டுபவர் தலையில் கட்டுவதுதான் இத்தொழிலில் நான் காணும் மிகப் பழைய குறை.

இனி இயந்திரங்களுக்கு வருவோம். இன்றைய சாயப்பட்டறைகளில் பின்னல் துணி பெரும்பாலும் சாஃப்ட்-ஃப்ளோ இயந்திரங்களில் கயிறாகத் திரண்டு சுற்றிவரும். பருத்திக்கான ரியாக்டிவ் சாயங்களில் பல 60 டிகிரி செல்சியஸ் அளவில் ஏறும். அதற்கு முன் வெளுப்பதும் பின்னர் சோப்புக் கழுவலும் அதைவிடச் சூடான நீரில் நடக்கும். துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டை இழைகளை நீக்கும் பயோபாலிஷ், அதாவது செல்லுலேஸ் நொதி கொண்டு இழைநுனிகளை அரித்தெடுப்பதும், இதே தொட்டியில்தான். சற்று அமிலத்தன்மையான நீரில், 50 முதல் 55 டிகிரி வெப்பத்தில் வேலை செய்யும் இந்த நொதி, அளவு மிஞ்சினால் இழையின் உடலையே தின்னத் தொடங்கும். எடை சில விழுக்காடு குறைவதை எல்லோரும் ஏற்கிறார்கள், அத்துடன் துணியின் வலுவும் குறைகிறது என்பதை வாங்குபவர் அரிதாகவே கேட்கிறார்.

தொட்டியிலிருந்து வெளிவந்ததும் கயிற்றின் முறுக்கைப் பிரித்து, நீரைப் பிழிய வேண்டும். குழாய் வடிவிலேயே போகும் துணிக்கு உள்ளே காற்றை நிரப்பி, பலூனாக விரித்து, இரு உருளைகளுக்கு இடையே பிழியும் ஸ்குவீசர் உண்டு. உள்ளாடைப் பனியன் போன்ற, பக்கத் தையல் இல்லாமல் குழாயாகவே வெட்டப்படும் துணிக்கு இதுவே வழி. ரப்பர் போல நீண்டு மீளும் லைக்ரா இழை கலந்த துணியும், ஏற்றுமதி டீ-சர்ட் துணிகளில் பெரும்பாலானவையும் ஒரு நெடுவரிசையை ஒட்டிக் கீறப்பட்டு விரித்த அகலத்தில் ஓடுகின்றன. கீறும் இயந்திரத்தில், பின்னும்போதே ஓர் ஊசியை விட்டு ஏற்படுத்திய கோட்டைக் கண் உணரி பின்தொடர, கத்தி அந்தக் கோட்டின் மேலேயே நகர்கிறது. கோடு தவறினால் இரு விளிம்பும் சாய்ந்து, பின்வரும் எல்லாமே கோணலாகும்.

விரித்த துணி போகும் இடம் ஸ்டென்டர். துணியின் இரு விளிம்புகளையும் ஊசிகள் பதித்த இரண்டு சங்கிலிகள் பிடித்துக்கொண்டு, வரிசையாக நிற்கும் சூடான அறைகளுக்குள் கொண்டுசெல்லும் நீளமான உலர்த்தி அது. நெசவுத் துணிக்குக் கவ்விகள் போதும், பின்னல் துணிக்கு ஊசிதான் பொருத்தம். அதன் காரணம் நுழைவாயிலில் தெரியும். அங்கே துணியைச் சங்கிலியின் வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஊட்டுகிறார்கள்; தூரிகைச் சக்கரம் ஒன்று அந்தக் கூடுதல் துணியைச் சிறு அலைகளாக ஊசிகளில் பதிக்கிறது. இதைத்தான் ஓவர்ஃபீட் என்கிறார்கள். நூற்றுக்கு இருபது என்று வைத்தால், சங்கிலி 100 மீட்டர் நகரும் நேரத்தில் 120 மீட்டர் துணி உள்ளே போகிறது. நெடுக்கில் கண்ணி சுருங்குவதற்கு இடம் கொடுப்பது இதுதான். அதே நேரத்தில் சங்கிலிகளின் இடைவெளியை விரித்து, அகலத்தை வேண்டிய அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். அகலத்தை விரிக்க விரிக்கக் கண்ணி குட்டையாவதால், அகலமும் ஓவர்ஃபீடும் ஒன்றுக்கொன்று கணக்காகப் பொருந்த வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றும் ஓட்டுநர் துணியைக் குழப்பத்தில் விடுகிறார். சிங்கிள் ஜெர்சியின் விளிம்பு சுருண்டுகொள்ளும் இயல்புடையது என்பதால், ஊசியில் ஏறும் முன் அதை விரிக்கும் சிறு உருளைகளும், பல இடங்களில் விளிம்பைச் சேர்த்துப் பிடிக்கப் பசை பூசும் அமைப்பும் இருக்கும். பசை ஏறிய விளிம்பை ஸ்டென்டரின் கடைசியில் வெட்டி எறிந்துவிடுகிறார்கள், அந்தக் கழிவும் துணி வாங்குபவரின் கணக்கில்தான் சேர்கிறது.

லைக்ரா கலந்த துணிக்கு ஸ்டென்டரில் இன்னொரு முக்கிய வேலை உண்டு. பின்னும்போது லைக்ரா இழுபட்ட நிலையில் பருத்தியோடு சேர்ந்துகொள்வதால், இயந்திரத்திலிருந்து இறங்கியதும் துணி அகலத்திலும் நீளத்திலும் மிகுந்து ஒடுங்கிக் கனத்துவிடும். ஹீட் செட்டிங் செய்து, அதாவது 190 டிகிரிக்குச் சற்று மேலோ கீழோ உள்ள வெப்பத்தில் அரை நிமிடத்துக்கு மேல் வைத்து, லைக்ராவின் இழுவிசையில் ஒரு பகுதியைத் தளர்த்தி, அகலத்தையும் எடையையும் நிலைநிறுத்துகிறார்கள். கணக்காகச் சொன்னால், மூன்று மீட்டர் நீளமுள்ள அறைகள் ஆறு இருந்தால் 18 மீட்டர். துணி அதற்குள் 40 விநாடி இருக்க வேண்டுமானால் வேகம் நிமிடத்துக்கு 27 மீட்டர்தான். அவசர ஆர்டர் என்று 40 மீட்டருக்கு ஏற்றினால் துணிக்குக் கிடைப்பது 27 விநாடி. அதுவும் துணியில் இருக்கும் ஈரம் ஆவியாகும் வரை வெப்பம் ஏறாது என்பதால், உண்மையில் வெப்பத்தில் நின்ற நேரம் இன்னும் குறைவு. வெப்பத்தைக் கூட்டி இந்த நேரத்தை ஈடுகட்டப் பார்ப்பதும் நடக்கிறது. அப்போது வெள்ளைத் துணி மஞ்சள் பாய்கிறது, லைக்ரா தன் மீள்விசையை இழக்கிறது. முழங்கை, முழங்கால் இடத்தில் ஒரு வாரத்தில் தொங்கிப்போகும் துணிகளில் பலவற்றின் கதை இதுதான்.

லைக்ரா இல்லாத பருத்தித் துணிக்கு நான் மேலாகக் கருதுவது ரிலாக்ஸ் டிரையர். இதில் துணியை யாரும் பிடிப்பதில்லை. ஓட்டைகள் கொண்ட ஓடுபட்டையின் மேல் துணி தளர்வாகக் கிடந்தபடி நகர, மேலும் கீழும் மாறி மாறி அமைந்த காற்று வாய்கள் அதை அலையலையாகத் தூக்கித் தூக்கி விடுகின்றன. துணி மிதந்து அடிபடும் ஒவ்வொரு முறையும் கண்ணி சிறிது சிறிதாகத் தன் இடத்துக்கு நகர்கிறது. உலரும்போதே ஓய்வும் நடப்பதால், பின்னால் வரும் காம்பாக்டருக்கு வேலை குறைகிறது. ஸ்டென்டரில் அகலத்தைப் பிடித்தபடி உலர்த்துவதில் வேகமும் அளவின் உறுதியும் உண்டு. டிரையரில் அகலம் துணியின் போக்குக்கு விடப்படுகிறது. அதனால்தான் விற்பனை அகலத்தை ஒரே சீராகக் காட்ட விரும்புகிறவர்கள் ஸ்டென்டரையே நாடுகிறார்கள். இரண்டிலும் மறக்கக் கூடாத ஒன்று, முழுக்க உலர்த்திவிடக் கூடாது என்பது. சராசரி வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பருத்தி தன் உலர் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தைத் தாங்கி நிற்கும். அதற்கும் கீழே காய்ந்த துணி தொட்டால் கரகரப்பாகும், காம்பாக்டரில் சரியாக அமுங்காது.

காம்பாக்டர் என்ற பெயர் பனியன் தொழிலில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அது வேலை செய்யும் விதம் நேரில் பார்த்தாலும் எளிதில் புலப்படாது. குழாய்த் துணிக்கான காம்பாக்டரில், துணிக்குள் புகுத்திய சட்டம் அதன் இரு ஓரங்களையும் உந்தி, அகலத்தைச் சீராக விரித்து வைக்கிறது. நீராவிப் பெட்டி துணியை ஈரமும் சூடுமாக்கிப் பருத்தியை இளக வைக்கிறது. அடுத்து இரண்டு உருளைகள்: முன்னது வேகமாகத் துணியை ஊட்டுகிறது, பின்னது மெதுவாகச் சுற்றித் தடுக்கிறது. இரண்டுக்கும் இடையே சூடான ஓர் உலோகப் பாளம் துணியை மேலே மடங்கி எழும்பவிடாமல் அடக்கி வைப்பதால், வேகமாக வந்த துணிக்குப் போக வேறு இடமில்லை. நெடுக்கில் தன்னுள்ளேயே நெருங்கிக்கொள்கிறது. இரு உருளைகளின் வேக வேறுபாடுதான் அமுக்கத்தின் அளவு. இந்த முறையில் அமெரிக்காவின் டியூப்டெக்ஸ் நிறுவனத்தின் பெயரும், இத்தாலியின் ஃபெராரோவின் பெயரும் பட்டறைகளில் நன்கு தெரிந்தவை.

விரித்த துணிக்குத் தடித்த கம்பளி போன்ற ஃபெல்ட் பட்டையைக் கொண்ட காம்பாக்டர் உண்டு. விரலை மடக்கும்போது முட்டியின் மேல்தோல் விரிவதையும், நீட்டும்போது அதே தோல் சுருங்குவதையும் நினைத்துக்கொண்டால் இதன் வேலை விளங்கிவிடும். சிறிய உருளையைச் சுற்றி வளையும் ஃபெல்ட்டின் வெளிப்புறம் நீள்கிறது, அந்த நேரத்தில் துணி அதன் மேல் படிகிறது. அடுத்து ஃபெல்ட் சூடான பெரிய உருளையின் மேல் மறுபக்கமாக வளைய, நீண்ட புறம் சுருங்குகிறது, மேலே படிந்த துணியையும் சேர்த்துச் சுருக்கி, சூட்டில் அழுத்தி நிலைக்க வைக்கிறது. நெசவுத் துணிக்காக அமெரிக்கரான சான்ஃபோர்ட் கிளூயட் 1930-களில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சான்ஃபரைசிங் முறையும் இதே வளைவுத் தத்துவத்தில் இயங்குவதே.

அமுக்கிவிட்டால் சுருக்கம் போய்விட்டதாகப் பலர் நம்புகிறார்கள். அமுக்கம் கண்ணியின் ஓய்வு நிலைக்கு அருகே துணியைக் கொண்டுசேர்த்தால் அது நிற்கும். ஓய்வு நிலையைத் தாண்டி அமுக்கினால், ரோலைப் பிரித்து வெட்டு மேசையில் விரித்து இழுத்த மாத்திரத்தில் அது திரும்பிப் போய்விடும். மிகை அமுக்கத்தின் அடையாளங்கள் கண்ணுக்கே தெரியும்: கருநீலம், கறுப்பு போன்ற அடர் நிறங்களில் மினுமினுக்கும் கோடுகள், துணியின் முகத்தில் நெளிநெளியான சிறு மடிப்புகள், கையால் இழுத்தால் நீண்டு திரும்பாமல் நிற்கும் நெடுக்கு. இவற்றைக் கண்டும் வாங்குவது, தைத்து முடித்த உடைகளைத் திருப்பி வாங்கிக்கொள்ளத் தயாராவதற்குச் சமம்.

ஆனாலும் நீட்டிய துணி சந்தையில் தொடர்ந்து இடம் பிடிப்பதற்குப் பொருளாதாரக் காரணம் ஒன்று இருக்கிறது. பின்னல் துணி கிலோ கணக்கில் விலை போகிறது. உடையோ பீஸ் கணக்கில் விலை போகிறது. 150 ஜிஎஸ்எம்மில் நிற்க வேண்டிய துணியை 140-க்கு நீட்டி வைத்தால், அதே ஒரு கிலோவில் பரப்பு 7 விழுக்காடு கூடுகிறது, அதற்கேற்ப பீஸும் கூடுகிறது. வெட்டுபவருக்கு இது ஆதாயம், விற்பவருக்குச் சலுகை. துவைத்த பிறகு உடை குறைந்துபோகும் இழப்பு, பர்கூர் ஜவுளிக் கடையிலோ ஊர்ச் சந்தையிலோ அதை வாங்கிப் போட்டவரின் தலையில் விழுகிறது. ஏற்றுமதிக்குப் போகும் துணியில் சோதனைக் கூடத்தின் அறிக்கை இந்த ஆசைக்குக் கடிவாளம் போடுகிறது, உள்ளூர்ச் சந்தைத் துணியில் அப்படிக் கடிவாளம் போட யாருமில்லை. நம் மக்கள் அணியும் துணிக்கும் அதே கண்டிப்பு வேண்டும் என்பதை நான் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன்.

சுருக்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் முறுக்கம், அதாவது பக்கத் தையல் முன்பக்கம் வந்து நிற்பது, பினிஷிங்கால் தீராத கோளாறு. ஒற்றை நூலின் முறுக்குத் திரும்ப முயல்வதாலும், ஒரு சுற்றில் பல நூல்கள் ஊட்டப்படுவதால் வரிசை சற்றே ஏறிச் செல்வதாலும் வருவது அது. ஸ்டென்டரில் துணியைக் குறுக்காகத் திருகி நேராக்கிக் காட்டலாம், அது முதல் துவைப்பு வரை நேராக இருக்கும். நூலிலும் பின்னலிலும் தீர்க்க வேண்டியதை அங்கேயே தீர்ப்பதுதான் வழி.

மென்மையாக்கும் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஒரே ஓர் இடத்தைத் தவிர. கேட்டயானிக் மென்மையூட்டியும் சிலிக்கோனும் கையில் வழவழப்பைத் தருவதோடு, நூலுக்கு நூல் உரசலைக் குறைத்துக் கண்ணி ஓய்வுக்குச் செல்லவும் உதவுகின்றன. நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம் தையல் மேசை. மென்மையூட்டி போதாத, மிகையாகக் காய்ந்த துணியில் அதிவேகத் தையல் ஊசி இறங்கும்போது, நூல் நகர்ந்து வழிவிட முடியாமல் ஊசி முனையில் அறுந்துவிடுகிறது. தைத்த உடனே தெரியாத அந்தப் புள்ளி, துவைத்தபின் கண்ணி கண்ணியாக ஓடி ஓட்டையாகிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தையல் வரிசையில் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த இயந்திரத்தில் அமர்ந்திருக்கும் பெண்தான். ஊசியின் முனை வடிவத்தையும் வேகத்தையும் மாற்றிப் பார்ப்பதற்கு முன், துணியின் ஈரத்தையும் மென்மையூட்டலையும் சோதிப்பது நேர்மையான வரிசை. பஞ்சு எழுப்பும் ரைசிங், மேற்பரப்பை எமரியால் தேய்க்கும் சூயிடிங், காரத்தில் முக்கி மினுக்கேற்றும் மெர்சரைசிங் ஆகியவை தனித் துணி வகைகளுக்கானவை. அவற்றில் எதைச் செய்தாலும் துணி மறுபடி இழுபடுகிறது என்பதால், சுருக்கக் கணக்கு அவற்றுக்குப் பின்னும் ஒருமுறை தீர்க்கப்பட வேண்டும்.

இந்த வேலைகளை நம் மாவட்டங்களிலேயே செய்யலாமே என்ற கேள்வி எழுவது இயற்கை. சாயப் பகுதியைப் பொறுத்தவரை என் பதில் வேண்டாம் என்பதே. தருமபுரி நீர் என்றதும் புளோரைடு நினைவுக்கு வரும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். சாயத்துக்கு இடைஞ்சலாவது பாறை நிலத்து ஆழ்துளைக் கிணறுகளில் பல இடங்களில் காணும் கடினத்தன்மை. கால்சியமும் மக்னீசியமும் சாயத்தைத் திட்டுத் திட்டாகப் படிய வைக்கும், சோப்பைத் திரித்துத் துணியில் ஒட்டவிடும். அதைவிடப் பெரிய தடை கழிவுநீர். சாயக் கழிவால் நொய்யல் ஆற்றுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் நேர்ந்ததை அடுத்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறையில்தான் அவை இயங்க வேண்டியிருக்கிறது. பெங்களூரிலிருந்து வரும் கழிவால் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரைத்து நிற்பதைக் கண்ட ஓசூர்ப் பகுதி மக்களுக்கு, இன்னொரு கழிவை வரவேற்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

உலர் பினிஷிங் வேறு வகை. சாயமேறிய துணியை ஓய்வுக்கு விடுவதற்கும் காம்பாக்ட் செய்வதற்கும் தேவைப்படுவது நீராவிக்கான சிறிதளவு மென்னீர், மின்சாரம், வெப்பம். மென்மையூட்டித் தொட்டியைக் கழுவும் நீரும், வெப்பத்துக்கு எரிக்கும் விறகின் புகையும் கவனிக்க வேண்டியவையே, ஆனால் அவற்றின் அளவு கட்டுக்குள் அடங்குவது. தையல் ஆலைகள் இருக்கும் இடத்துக்கு அருகே ஒரு காம்பாக்டர் இருப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. இறுக்கமாகச் சுற்றிய ரோல் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வந்து, கிடங்கில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது, சுற்றிய இழுவையே துணியை மறுபடி நீட்டிவிடுகிறது. வெட்டும் நாளுக்கு முந்தின நாள் ஓய்வளித்த துணி, வெட்டு மேசையில் சொன்ன அளவில் நிற்கும்.

அப்படி ஒன்று அமையும் வரை, ரோலை வாங்கும் ஆலை தன் வாசலிலேயே செய்துகொள்ளக்கூடியது நிறைய இருக்கிறது. நூறு சதுர சென்டிமீட்டர் வட்டமாகத் துணியை வெட்டும் கையளவு ஜிஎஸ்எம் வெட்டி ஒன்றும், நுண்ணிய தராசு ஒன்றும் போதும். வெட்டிய வட்டம் 1.42 கிராம் என்றால் துணி 142 ஜிஎஸ்எம். ரோலின் தொடக்கத்திலும், சில மீட்டர் உள்ளே சென்ற பிறகும், நடுவிலும் விளிம்பிலும் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். அதே ரோலிலிருந்து ஒரு துண்டில் 50 சென்டிமீட்டருக்கு நெடுக்கிலும் குறுக்கிலும் அழியாத மையால் குறியிட்டு, துவைத்து, இழுக்காமல் காயவைத்து மறுபடி அளந்தால் சுருக்கம் கிடைத்துவிடும்: 50 என்பது 47 ஆனால் 6 விழுக்காடு. துவைத்த அந்தத் துண்டிலிருந்தே மீண்டும் ஒரு வட்டம் வெட்டி எடைபோட்டால், துணியின் உண்மையான ஜிஎஸ்எம் எது என்பதும் தெரிந்துவிடும். லைக்ரா துணியை ரோலிலிருந்து பிரித்து, தளர்வாக மடித்து அடுக்கி ஒரு முழு நாள் கிடத்திய பிறகே லே போடுவது, அதாவது வெட்டுவதற்காக மேசையில் அடுக்கடுக்காக விரிப்பது, நல்லது; வெயில் காலத்தில் நம் ஊர்க் காற்று வறண்டு இருப்பதால், மின்விசிறிக்கு நேரே அடுக்காமல் இருக்க வேண்டும்.

ஆர்டர் தாளில் ஜிஎஸ்எம் என்ற ஒரே எண்ணை எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கமும் மாற வேண்டும். நூல் எண், கண்ணி நீளம், துவைத்த பின் எடை, நெடுக்கிலும் குறுக்கிலும் அனுமதிக்கும் சுருக்கம் ஆகிய நான்கும் அதே தாளில் இருந்தால், பின்னுபவர், சாயமேற்றுபவர், பினிஷிங் செய்பவர் ஆகிய மூவரில் யாரிடத்தில் அளவு மாறியது என்பதைத் துணி வந்த அன்றே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப முடியும்.